தேர்தல் ஆணையத்தின் நுழைவாயில்: நியமன அதிகாரம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

அரபுச் செய்தித்தாள்களை வாசிக்க மாணவர்களைப் பழக்கும்போது, அவர்கள் ஒரு சொல்லில் தடுக்கி நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம். இராக்கிலோ சூடானிலோ தேர்தல் நடைபெறும் காலங்களில் செய்திகளில் இடம்பெறும் 'முஃபவ்வளிய்யா' என்பதே அச்சொல். தேர்தல் ஆணையம் என்று நாம் பொருள் சொல்லிக் கடந்து விடுகிறோம். ஆயினும் இரு சொற்களின் வேரும் ஒன்றன்று. தமிழில் 'ஆணையம்' என்பது ஆணையிடும் அதிகாரத்தைச் சுட்டுகிறது. அரபுச் சொல்லோ 'தஃப்வீள்', அதாவது பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தல் என்னும் வேரிலிருந்து பிறந்தது. அதிகாரம் ஒப்படைக்கப்பட்டது எனில் ஒப்படைத்தவர் யார் என்ற வினா உடன் எழுகின்றது. இந்தியத் தேர்தல் ஆணையத்தின் எழுபத்தைந்து ஆண்டு வரலாற்றில் இந்த வினாவுக்கு என்னென்ன விடைகள் சொல்லப்பட்டன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

அரசியல் நிர்ணய சபையில்

சுதந்திர இந்தியாவின் அரசியல் சாசனத்தை வரைந்தோர், முதலில் நாடு முழுமைக்கும் ஒரே தேர்தல் ஆணையம் என்று எண்ணியிருக்கவில்லை. நாடாளுமன்றத் தேர்தலுக்கு மத்தியில் ஓர் ஆணையம், மாகாணத் தேர்தல்களுக்கு ஆளுநர்கள் நியமிக்கும் தனித்தனி ஆணையங்கள் என்பதே முதல் வரைவு. 1949 ஜூன் 15 அன்று டாக்டர் அம்பேத்கர் அதனை மாற்றி, எல்லாத் தேர்தல்களையும் ஒரே மத்திய ஆணையத்தின் பொறுப்பில் வைக்கும் புதிய வரைவை முன்மொழிந்தார். மாற்றத்துக்கு அவர் கூறிய காரணம் ஊன்றி நோக்கத்தக்கது. சில மாகாணங்களில் இனத்தாலும் மொழியாலும் பண்பாட்டாலும் பெரும்பான்மையினரிடமிருந்து வேறுபட்ட மக்கள், வாக்காளர் பட்டியலில் சேராதவாறு விலக்கப்படுவதாகப் புகார்கள் வந்தன என்றும், வாக்குரிமை மக்களாட்சியின் அடிப்படை என்பதால் அத்தகைய விலக்கலுக்கு இடமளிக்கலாகாது என்றும் அவர் விளக்கினார்.

ஆகவே, பட்டியலிலிருந்து எளியோரின் பெயர் விடுபட்டுப் போகலாம் என்ற அச்சத்திலிருந்தே நம் நாட்டின் தேர்தல் ஆணையம் இன்றைய வடிவைப் பெற்றது எனலாம். சிறுபான்மையினர் இந்த வரலாற்றை அறிந்து வைத்திருப்பதன் தேவை இங்கிருந்தே தொடங்குகிறது.

ஆணையத்தை அமைப்பதில் உடன்பட்ட சபை, ஆணையரை நியமிப்பது யார் என்பதில் கருத்து வேறுபட்டது. குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்றது வரைவு. குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைப்படியே செயல்படுவார் என்பதால் இதன் நடைமுறைப் பொருள், பிரதமர் நியமிப்பார் என்பதே. ஐக்கிய மாகாண உறுப்பினர் ஷிப்பன் லால் சக்சேனா இதனைச் சுட்டிக்காட்டி ஒரு திருத்தம் கொண்டு வந்தார். நியமனத்தை நாடாளுமன்ற ஈரவைகளின் கூட்டுக் கூட்டம் மூன்றில் இரு பங்குப் பெரும்பான்மையால் உறுதி செய்ய வேண்டும் என்பதே அத்திருத்தம். ஆளுங்கட்சி மட்டுமன்றிப் பிறரும் ஏற்கும் ஒருவரே அப்பதவிக்கு வர முடியும் என்பது அவருடைய வாதம். ஹிருதய நாத் குன்ஸ்ருவும் இதே கவலையை வெளியிட்டார். தேர்தல் பொறியமைவு நேர்மையற்றோர் கைக்குப் போனால் மக்களாட்சி அதன் ஊற்றிலேயே நஞ்சாகிவிடும் என அவர் எச்சரித்தார்.

மறுநாள் அம்பேத்கர் அளித்த பதில் அவருடைய அறிவு நேர்மைக்குச் சான்று. இவ்வாதத்தில் பெரும் வலு உண்டென அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். தகுதியற்ற ஒருவரோ, நேர்மையற்ற ஒருவரோ, ஆட்சியாளரின் கைக்குள் அடங்கிப் போகக்கூடிய ஒருவரோ அப்பதவியில் அமர்வதைத் தடுக்க ஏற்பாடு ஏதும் இல்லையெனில், பதவிக்காலத்தை மட்டும் உறுதி செய்து பயனில்லை என்பது அவர் கூறியதன் சாரம். அமெரிக்காவில் இத்தகைய நியமனங்களுக்குச் செனட்டின் ஒப்புதல் தேவைப்படுவதையும் அவர் எடுத்துக் காட்டினார். எனினும் தீர்வாக அவர் முன்வைத்தவை இரண்டே. குடியரசுத் தலைவருக்கு ஒரு வழிகாட்டு ஆவணம் வகுக்கலாம் என்பது ஒன்று. நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்துக்கு உட்பட்டு நியமனம் அமையும் என்ற சொற்களைப் பிரிவில் சேர்ப்பது மற்றொன்று. வழிகாட்டு ஆவணம் சாசனத்தில் இடம்பெறாமலே போயிற்று. சட்டமோ எழுபத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் இயற்றப்படவில்லை.

இவ்வாறு உருவான பிரிவு 324இல் ஒரு பொருத்தமின்மை நிலைத்து விட்டது. பதவியேற்ற தலைமைத் தேர்தல் ஆணையரை, உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் அதே கடினமான முறையிலன்றி நீக்கவியலாது. நியமனத்துக்குப் பின் அவருடைய பணி நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றவும் இயலாது. உள்ளே வந்தவருக்கு இத்துணைக் காவல்! உள்ளே வருபவரைத் தேர்ந்தெடுப்பதற்கோ ஒரு காவலும் இல்லை.

சுகுமார் சென்னும் சூடானும்

இந்த வாயிலின் வழியே முதலில் நுழைந்தவர் சுகுமார் சென். மேற்கு வங்கத்தின் தலைமைச் செயலாளராக இருந்த ஐ.சி.எஸ். அதிகாரி அவர். 1950 மார்ச் மாதம் தலைமைத் தேர்தல் ஆணையரானார். 17 கோடிக்கும் அதிகமான வாக்காளர்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் எழுத்தறிவற்றவர்கள். இந்நிலையில் 1951-52ஆம் ஆண்டுகளில் முதல் பொதுத்தேர்தலை அவர் நடத்திக் காட்டினார். 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்று மட்டும் பதிந்து, சொந்தப் பெயரைக் கூற மறுத்த சுமார் 28 இலட்சம் பெண்களைப் பட்டியலில் சேர்க்கவியலாது என்று அவர் முடிவு செய்தார். அடுத்த தேர்தலில் பெண்கள் தம் பெயராலேயே பதிய முன்வர இந்தக் கண்டிப்பு துணைபுரிந்தது.

இதே சுகுமார் சென்னை 1953ஆம் ஆண்டில் வேறொரு தேர்தல் ஆணையத்தின் தலைமையில் காண்கிறோம். சூடான் அப்போது பிரிட்டனும் எகிப்தும் சேர்ந்தாளும் நாடாக இருந்தது. 1953 பிப்ரவரி 12 அன்று கெய்ரோவில் கையெழுத்தான உடன்படிக்கை, சூடானியர் தம் எதிர்காலத்தைத் தாமே முடிவு செய்ய வழிவகுத்தது. அதன் முதற்படி, நாடாளுமன்றத் தேர்தல். அத்தேர்தலில் பிரிட்டனுக்கும் எகிப்துக்கும் எதிரெதிரான நலன்கள் இருந்தன. எகிப்துடன் இணைப்பை விரும்பிய கட்சி வெல்ல வேண்டும் என்பது கெய்ரோவின் எதிர்பார்ப்பு. இலண்டனின் எதிர்பார்ப்பு இதற்கு நேர்மாறானது. ஒருவரையொருவர் நம்பாத இருவர் ஒரு தேர்தலை எவ்வாறு நடத்துவது?

விடை, ஆணையத்தை அமைத்த முறையில் இருந்தது. உறுப்பினர் எழுவர். அவர்களில் மூவர் சூடானியர். எஞ்சியோர் எகிப்து, பிரிட்டன், அமெரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து ஒவ்வொருவர். வெளிநாட்டு உறுப்பினர்களை அவரவர் அரசுகள் நியமிக்கும். சூடானிய உறுப்பினர்களை நியமிப்பவர் பிரிட்டிஷ்காரரான தலைமை ஆளுநர்; ஆனால் அவர் தம் விருப்பப்படி நியமிக்கவியலாது. அவருடைய அதிகாரத்தைக் கண்காணிக்க அமைந்த ஐவர் குழுவின் ஒப்புதல் வேண்டும். அக்குழுவில் சூடானியர் இருவர், எகிப்தியர், பிரிட்டிஷ்காரர், பாகிஸ்தானியர் ஒவ்வொருவர் இருந்தனர். தேர்தல் ஆணையத்தின் தலைமை, இரு தரப்பையும் சாராத இந்திய உறுப்பினருக்கு என உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டது. இந்திய அரசு அனுப்பியவர் சுகுமார் சென்.

1953 இறுதியில் நடைபெற்ற தேர்தலில், எகிப்தை நோக்கிச் சாய்ந்திருந்த தேசிய ஒன்றியக் கட்சி மக்களவையின் 97 இடங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றை வென்றது. முடிவு பிரிட்டனுக்கு உவப்பாக இல்லை. தேர்தலில் எகிப்தின் பணம் விளையாடியது என்ற முறையீடும் எழுந்தது. ஆயினும் முடிவு நின்றது. 1954 தொடக்கத்தில் இஸ்மாயீல் அல்-அஸ்ஹரி பிரதமரானார். எதிர்பார்ப்புகளுக்கு மாறாக அவரே பின்னர் இணைப்பை விட்டுத் தனி நாட்டை நாட, 1956 ஜனவரி 1 அன்று சூடான் சுதந்திர நாடாயிற்று.

ஒரே மனிதர் இரு ஆணையங்களில் தலைமை வகித்தார். சூடானில் அவரை அமர்த்திய முறை, எந்த ஒரு தரப்பும் தனித்து ஆணையத்தைக் கைக்கொள்ளாதபடி சமன் செய்யப்பட்டிருந்தது. தாயகத்திலோ, தேர்தலில் போட்டியிடும் கட்சியின் ஆட்சியே அவரைத் தேர்ந்தெடுத்தது. இரண்டிலும் அவர் நேர்மையாகவே நடந்தார் என்பது உண்மை. எனினும் முதலாவதில் முறையும் மனிதரும் சேர்ந்து நம்பிக்கையை உண்டாக்கினர். இரண்டாவதில் மனிதர் மட்டுமே அச்சுமையைத் தாங்கினார்.

ஒருவரா, மூவரா?

1950 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆணையம் ஒரே ஆணையரைக் கொண்டிருந்தது. தேவைப்பட்டால் குடியரசுத் தலைவர் வேறு ஆணையர்களையும் நியமிக்கலாம். எண்ணிக்கையை அவரே முடிவு செய்யலாம் என்கிறது பிரிவு 324. நியமன அதிகாரத்தின் மற்றொரு முனை இதுவாகும். இருக்கும் ஆணையரை நீக்க முடியாவிட்டாலும், அருகில் வேறு இருவரை அமர்த்த முடியும்.

1989 அக்டோபரில், பொதுத்தேர்தல் அறிவிப்புக்கு ஓரிரு நாள் முன்னதாக, இராஜீவ் காந்தி அரசு இரு ஆணையர்களை நியமித்தது. தேர்தலில் ஆட்சி மாறியது. 1990 ஜனவரி 1 அன்று வி.பி. சிங் அரசு அவ்விரு பதவிகளையும் ஒழித்தது. பதவியிழந்த தனோவா தொடுத்த வழக்கை 1991இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எனினும் இத்துணைப் பெரிய அதிகாரம் ஒருவர் கையில் மட்டும் குவிந்திருப்பது நன்றன்று என்றும் அத்தீர்ப்பில் கருத்துரைத்தது.

இதற்கிடையில் 1990 டிசம்பரில் டி.என். சேஷன் தலைமை ஆணையரானார். நடத்தை விதிகளைக் கடுமையாகச் செயல்படுத்திய அவர், ஆணையத்தின் அதிகாரம் எவ்வளவு என்பதை நாட்டுக்குக் காட்டினார். நரசிம்ம ராவ் அரசு 1993 அக்டோபர் 1 அன்று எம்.எஸ். கில், ஜி.வி.ஜி. கிருஷ்ணமூர்த்தி ஆகிய இருவரை ஆணையர்களாக நியமித்ததோடு, மூவருக்கும் சமமான முடிவெடுக்கும் அதிகாரம் உண்டென அவசரச் சட்டமும் பிறப்பித்தது. சேஷன் வழக்குத் தொடுத்தார். 1995 ஜூலையில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அரசின் நடவடிக்கையைச் செல்லுபடியாக்கியது. அன்று முதல் மூவர் ஆணையமே நிலைத்துள்ளது.

பல உறுப்பினர் ஆணையம் கொள்கையளவில் சிறந்ததே. ஆயினும் 1989இலும் 1990இலும் 1993இலும் எண்ணிக்கை கூடியதும் குறைந்ததும் ஆட்சியாளரின் முடிவால் மட்டுமே நிகழ்ந்தன என்பதை மறக்கலாகாது. பதவிக்காலத்திலும் இதே நிலை. ஆறாண்டு அல்லது 65 வயது, எது முந்தியதோ அதுவரை என்பது விதி. அறுபதைக் கடந்த அதிகாரிகளையே நியமிக்கும் வழக்கத்தால், சேஷனுக்குப் பின் தலைமை ஆணையர் எவரும் அப்பொறுப்பில் ஆறாண்டுகளை நிறைவு செய்ததில்லை.

நல்லவர் வந்தால் போதுமா?

'இம்முறையில்தானே நல்ல ஆணையர்களும் வந்தனர்?' என்று ஒரு மறுப்பு எழலாம். நியாயமான மறுப்பே. குஜராத்தில் 2002ஆம் ஆண்டுக் கலவரங்களுக்குப் பின் சட்டமன்றம் முன்கூட்டிக் கலைக்கப்பட்டு, உடனே தேர்தல் கோரப்பட்டது. அப்போது தலைமை ஆணையர் ஜே.எம். லிங்டோவும், ஆணையர்கள் டி.எஸ். கிருஷ்ணமூர்த்தியும் பி.பி. டாண்டனும் நேரில் சென்று நிலைமையை ஆய்ந்தனர். இடம்பெயர்ந்த வாக்காளர்கள் வீடு திரும்பாத சூழலில் சுதந்திரமான தேர்தல் இயலாது என ஆகஸ்ட் 16 அன்று அவர்கள் ஆணையிட்டனர். தேர்தல் டிசம்பரில்தான் நடந்தது. முகாம்களில் தங்கியிருந்த மக்களின் வாக்குரிமையைக் கருதிச் செய்த இந்த முடிவை நம் சமுதாயம் நன்றியுடன் நினைவுகூர்கிறது. 2010இல் எஸ்.ஒய். குரைஷி தலைமை ஆணையர் பொறுப்பேற்ற முதல் முஸ்லிமாக அமைந்ததும், பின்னர் நசீம் ஜைதி அப்பொறுப்பை வகித்ததும் இதே முறையின் வழியேதான்.

ஆயினும் நல்லவர் வந்தமை முறையின் சிறப்பாகாது. 2009 ஜனவரியில், தலைமை ஆணையர் என். கோபாலசாமி தம் சக ஆணையர் நவீன் சாவ்லாவை நீக்கப் பரிந்துரைத்தார். அரசு அதனை ஏற்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் சாவ்லா தலைமை ஆணையரானார். இருவரில் யார் பக்கம் நியாயம் என்பதை ஆராய்வது நம் நோக்கமன்று. எதிர்க்கட்சியின் இசைவும் பெற்று ஓர் ஆணையர் வந்திருப்பாராயின் அவருடைய நடுநிலை இவ்வளவு எளிதில் ஐயத்துக்குள்ளாகியிருக்குமா என்பதே நம் வினா. நியமன முறை சரியாக இல்லாவிடில் நேர்மையான ஆணையரும் சந்தேக நிழலில் நிற்க நேர்கிறது.

இக்குறையை அறிந்தோர் பலர் தீர்வும் கூறியுள்ளனர். ஜெயப்பிரகாஷ் நாராயண் அமைத்த தார்குண்டே குழு 1975இல், பிரதமர், மக்களவை எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி ஆகிய மூவர் குழுவின் பரிந்துரைப்படி நியமனம் நடக்க வேண்டும் என்றது. 1990இல் தினேஷ் கோஸ்வாமி குழு, தலைமை நீதிபதியையும் எதிர்க்கட்சித் தலைவரையும் கலந்தாலோசிக்க வேண்டும் என்றது. 2012இல், எதிர்க்கட்சியாயிருந்த பாரதிய ஜனதாவின் மூத்த தலைவர் எல்.கே. அத்வானி, தலைமை நீதிபதியும் ஈரவை எதிர்க்கட்சித் தலைவர்களும் இடம்பெறும் ஐவர் குழுவைக் கோரிப் பிரதமர் மன்மோகன் சிங்குக்குக் கடிதம் எழுதினார். காங்கிரஸ் தலைமையிலான அந்த அரசு அதனைச் சட்டமாக்கவில்லை. 2015இல் சட்ட ஆணையம் தன் 255ஆம் அறிக்கையில் மூவர் குழுவையே பரிந்துரைத்தது. அப்போது ஆட்சியிலிருந்த பாரதிய ஜனதாவும் அதனைச் செயல்படுத்தவில்லை. எதிர்வரிசையில் அமர்ந்திருக்கும்போது நினைவுக்கு வரும் சீர்திருத்தம், ஆட்சி வரிசைக்கு மாறியதும் மறந்து போவது எந்த ஒரு கட்சிக்கும் மட்டுமே உரிய நோயன்று.

தீர்ப்பும் சட்டமும்

நாடாளுமன்றம் செய்யாததை நீதிமன்றம் செய்ய நேர்ந்தது. 2015இல் அனூப் பரன்வால் தொடுத்த பொதுநல வழக்கு, 2022 நவம்பரில் நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான ஐவர் அமர்வின் முன் விசாரணையில் இருந்தது. மே மாதத்திலிருந்து காலியாயிருந்த ஓர் ஆணையர் இடத்துக்கு, விசாரணை நடந்து கொண்டிருக்கையிலேயே, நவம்பர் 19 அன்று அருண் கோயல் நியமிக்கப்பட்டார். அதற்கு முந்தைய நாள்தான் அவர் அரசுப் பணியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றிருந்தார். கோப்புகளை வரவழைத்துப் பார்த்த நீதிபதிகள், ஒரே நாளில் எல்லாப் படிகளும் முடிந்திருந்ததைக் கண்டு கேள்வி எழுப்பினர்.

2023 மார்ச் 2 அன்று தீர்ப்பு வந்தது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரை, பிரதமர், மக்களவை எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி ஆகிய மூவர் குழுவின் அறிவுரைப்படி குடியரசுத் தலைவர் நியமிக்க வேண்டும் என நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. எதிர்க்கட்சித் தலைவர் இல்லாவிடில் மிகப் பெரிய எதிர்க்கட்சியின் தலைவர் அவ்விடத்தைப் பெறுவார்.

சாசனம் 1949இலிருந்து காத்திருந்த சட்டம் அதே ஆண்டு டிசம்பரில் நிறைவேறி, 2024 ஜனவரி 2 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி தேர்வுக் குழுவில் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், பிரதமர் நியமிக்கும் ஒரு மத்திய அமைச்சர் ஆகியோர் உள்ளனர். தலைமை நீதிபதிக்கு இடமில்லை. சட்ட அமைச்சர் தலைமையிலான தேடல் குழு ஐந்து பெயர்களைத் தரும். அப்பட்டியலுக்கு வெளியிலிருந்தும் தேர்வுக் குழு ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். மத்திய அரசின் செயலாளர் நிலையில் பதவி வகிப்போரும் வகித்தோருமே தகுதியுடையோர்.

அரசின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நீதிமன்றம் வகுத்தது சட்டம் வரும்வரைக்குமான இடைக்கால ஏற்பாடே. சட்டமியற்றும் உரிமை நாடாளுமன்றத்துக்கு உரியது. தலைமை நீதிபதி ஒருவர் இருந்தால் மட்டுமே நடுநிலை கிட்டும் என்பதும் இல்லை. இவையனைத்தும் உண்மையே. ஆனால் மூவரில் இருவர் ஒரே அமைச்சரவையைச் சேர்ந்தோராயிருக்கும் குழுவில் எதிர்க்கட்சித் தலைவரின் பணி, மாற்றுக் கருத்தைப் பதிவு செய்வதோடு முடிந்து விடுகிறது. நடந்ததும் அதுவே. 2024 மார்ச் 14 அன்று ஞானேஷ் குமாரும் சுக்பீர் சிங் சாந்துவும் தேர்வானபோது, குழுவில் இடம்பெற்ற அதீர் ரஞ்சன் சௌத்ரி, 200க்கு மேற்பட்ட பெயர்கள் முந்தைய இரவிலும், இறுதி ஆறு பெயர்கள் கூட்டத்துக்குச் சற்று முன்னரும் தமக்குத் தரப்பட்டதாகக் கூறி மாறுபட்டார். 2025 பிப்ரவரியில் ஞானேஷ் குமார் தலைமை ஆணையராகத் தேர்வானபோது இராகுல் காந்தி எழுத்து மூலம் மாறுபட்டார். இரு முறையும் நியமனம் இரண்டுக்கு ஒன்று என்ற நிலையில் நிறைவேறியது. சட்டத்தை எதிர்த்த வழக்குகளில் இடைக்காலத் தடை விதிக்க உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் மறுத்தது.

முறை எழுதப்பட்டு விட்டது, சமன் எய்தப்படவில்லை. சக்சேனா 1949இல் கேட்டது, ஆளுங்கட்சிக்கு அப்பாலும் சிலருடைய இசைவைப் பெற்ற ஆணையர் வேண்டும் என்பதே. அவ்விசைவைப் பெறாமலே நியமிக்கும் வழி இன்று சட்ட வடிவம் பெற்றுள்ளது என்றே கொள்ள வேண்டியுள்ளது.

முடிவாக

2025 ஜூனில் பீகாரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. ஆகஸ்ட் 1 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 65 இலட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தோர், இடம்பெயர்ந்தோர், இரு இடங்களில் பதிந்தோர் எனக் காரணங்கள் கூறப்பட்டன. விடுபட்டோரின் பெயர்களையும் காரணங்களையும் வெளியிட வேண்டும் என ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பட்டியலைத் தூய்மைப்படுத்துவது ஆணையத்தின் கடமை என்பதில் ஐயமில்லை. எனினும் ஒரு பெயர் நீக்கப்படும்போது, நீக்கியவர் எந்தத் தரப்பையும் சாராதவர் என்ற நம்பிக்கை இருந்தால், வாக்காளர் அதனை ஒரு நிர்வாகப் பிழையாகக் கருதி முறையிடுவார். அந்நம்பிக்கை இல்லாவிடில், அதனைத் தன்னை விலக்கும் முயற்சியாகவே காண்பார். இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவை நிர்ணயிப்பது நியமன முறையே.

அம்பேத்கர் 1949 ஜூனில் எடுத்துரைத்த அச்சமும், சபை விடையளிக்காமல் விட்ட வினாவும் பீகாரில் ஒன்றாக வந்து சேர்ந்தன. பட்டியலைக் காக்க ஓர் ஆணையத்தைப் படைத்த சபை, ஆணையத்தைக் காக்கும் பொறுப்பைப் பின்வந்தோரிடம் விட்டுச் சென்றது. அதனை நிறைவேற்றுவது சூடானின் எழுவர் ஆணையத்தைப் போன்ற சிக்கலான ஏற்பாட்டைக் கோருவதன்று. குழுவில் ஆட்சியைச் சாராத ஒருவருக்கு மற்றோர் இடம், அல்லது தேர்வு ஒருமனதாக அமைய வேண்டும் என்ற ஒரு விதி போதும். சட்டத்தில் ஓரிரு வரிகளின் திருத்தமே அது.

நம் பெயர் பட்டியலில் உள்ளதா எனத் தேர்தல்தோறும் சரிபார்க்கப் பழகியிருக்கிறோம். அது நற்பழக்கம், விடலாகாது. அப்பட்டியலைப் பொறுப்பேற்றவரை அமர்த்தியது யார், எவருடைய இசைவுடன் என்று கேட்கும் பழக்கமும் அதனுடன் சேர வேண்டும். அதிகாரம் ஒப்படைக்கப்பட்டது எனில், ஒப்படைத்தவர்கள் இறுதியில் வாக்காளர்களாகிய நாமே.